ரெஜின் பின்னால் நிற்கட்டும்

வேலப்பன் நுரைத் தூரிகையைக் கன்னத்தில் வைத்த அதே நேரத்தில் தென்னையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது என்றது, தொபியாஸ் கண்ணை மூடிக்கொண்டார், மூடினால்தான் ஆட்டம் தெரியும், திறந்தால் எதிரே ரசம் போன கண்ணாடியும் அதில் பாதி வெள்ளையாகிப்போன தன் முகமும் சுவரில் மாதா படத்துக்குக் கீழே தொங்கும் போன வருஷத்து நாள்காட்டியும்தான் தெரியும், இன்னும் யாரும் யாருக்கும் கோல் அடிக்கவில்லை, அது நல்லதா கெட்டதா, மேலத்துறைக்காரர்கள் இதுவரை ஆடிய எந்த ஊரையும் முதல் பாதியிலேயே சட்டை கிழியக் கிழிய அடித்துத்தான் அனுப்பினார்கள், இங்கே மட்டும் வெறுங்கையோடு இடைவேளைக்குப் போனார்கள் என்றால் நல்லதுதான், ஆனால் வெறுங்கையோடு போனவன் திரும்பி வரும்போது கோபத்தோடு வருவான், நுரை குளிர்ந்து காதுக்குள் இறங்கியது. “ஊரு முழுக்க கிரவுண்டுல கெடக்கு, ஆடு கோழி வரைக்கும் போயாச்சு, ஒமக்கு இப்பமா ஓய் ஷேவிங்?” என்றார் வேலப்பன், அவருக்கும் போகவேண்டும், கால் இரண்டும் வாசலைப் பார்த்தே நிற்கின்றன, கை மட்டும் இங்கே. “தாடி வளந்தா எடுக்கணும்” என்றார் தொபியாஸ். “நீரு சொல்லிக்குடுத்தபடிதானே ஆடுதானுவ, நீரே பாக்காட்டி எப்பிடி?” “நான் போயி நின்னா, தோக்கதப் பாக்க வந்திருக்கான் கெழவன்னு சொல்லுவானுவ.” வேலப்பன் கத்தியைத் தோல்வாரில் இழுத்துத் தீட்டினார், சரக் சரக். வேலப்பன் சொல்லாவிட்டால் என்ன, ஊரே அதைத்தான் சொல்லப்போகிறது, தோற்றால் இராயப்பன்துறையில் அதற்குப் பிறகு அவருக்குப் பெயர் தொபியாஸ் இல்லை, ஊரைக் காட்டிக்கொடுத்தவன், பெர்க்மான்ஸ் மேலுள்ள பகைக்கு அவன் மகனை மூலையில் தள்ளிச் சொந்த ஊரைத் தோற்கடித்தவன், கல்லறையில் சிலுவை நட்டால்கூட அதன்மேல் அதைத்தான் எழுதுவார்கள்.

பெர்க்மான்ஸ், அந்தப் பெயரை நினைத்தாலே கீழ்த்தாடை இறுகுகிறது, “லூசா விடும் ஓய், கத்தி வழுக்கும்” என்கிறார் வேலப்பன், எப்படி லூசாக விடுவது, அன்றைக்கும் ஃபைனல்தான், இதே கோயில் மைதானம்தான், எதிரே கடவுப்புரம், ஒன்றுக்கும் உதவாத அணி, ஊதினால் பறந்துவிடுவார்கள் என்று சின்னப் பிள்ளையும் சொன்னது, தொபியாஸ் மட்டும் சொன்னார், இல்லை, ஒன்றும் இல்லாதவனிடம்தான் பயப்படவேண்டும், அவர்களிடம் ஒரே ஒரு ஓட்டக்காரன் இருக்கிறான், நாம் எல்லாரும் முன்னால் போய்க் கும்மியடித்தால் நம் தலைக்குமேல் அவனுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவார்கள், அவன் தனியாகப் போய் அடிப்பான், ஆகவே என்ன ஆனாலும் இரண்டுபேர் பின்னால் நிற்கட்டும், அசையக் கூடாது. அன்றைக்கு ஆளை நிறுத்திக் கொடுத்தவர் தொபியாஸ், கேப்டன் பெர்க்மான்ஸ். இடைவேளை முடிந்து உள்ளே போனதும் அந்த இரண்டுபேரையும் கையைக் காட்டி முன்னால் கூப்பிட்டுக்கொண்டான், தொபியாஸ் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார், கேட்கவில்லை, அல்லது கேட்டும் கேட்காததுபோல ஆடினான், கடவுப்புரத்தான் ஒரே ஒருமுறை பந்தைத் தூக்கிப் போட்டான், அந்த ஓட்டக்காரன் தனியாகப் போனான், அடித்தான், முடிந்தது. அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பார், தோல்வி கடலில் இல்லாததா, ஆனால் மறுநாள் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியபோது பெர்க்மான்ஸ் எழுந்து நின்று, தொபியாஸ் அண்ணன் பயந்து ஆளைப் பின்னால் நிறுத்தினதால்தான் தோற்றோம் என்று சொன்னான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சாமியாருக்கு முன்னால், யாரும் எதிர்த்துப் பேசவில்லை, முன்னால் ஓடிப்போன அந்த இரண்டுபேரும் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைப் பார்த்தார்கள், பயந்து கதவை அடைக்கிறவன் என்று அன்றையிலிருந்து அவர் கதவு தொபியாஸ். மீன் ஏலத்தில் கதவு. கல்யாண வீட்டில் கதவு. அவர் நடந்துபோனால் பொடியன்கள் பின்னாலிருந்து டப் டப் என்று கதவை அடைப்பதுபோல நாக்கைத் தட்டுவார்கள். அந்தப் பொடியன்களில் ஒருத்தன் பெர்க்மான்ஸின் மகன் ரெஜின், அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு திரிவான், இப்போது அவன்தான் அணிக்கு முன்வரிசை, இந்தப் போட்டியில் எல்லாரையும்விட அதிகமாகக் கோல் அடித்திருப்பவன், இன்னும் ஒன்றிரண்டு போட்டால் அதிகக் கோல் அடித்தவனுக்கான கோப்பை அவனுக்குத்தான், பெர்க்மான்ஸ் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அதற்கு ஒரு தட்டை இப்போதே ஒழித்து வைத்தாகிவிட்டது என்று பேச்சு.

“மேலத்துறை அணியின் வலது புறத்தில் ஷாநவாஸ் பந்தைப் பெறுகிறார், ஷாநவாஸ், மலப்புறத்திலிருந்து வருகை தந்திருக்கும் நட்சத்திர வீரர் ஷாநவாஸ்” என்று ஒலிபெருக்கி நீட்டியது, மைக்கைப் பிடித்திருப்பது உபதேசியார் கஸ்பார், பூசைக்கும் அவர்தான் மந்திரம் சொல்வார், பந்துக்கும் அதே ராகம்தான், “ஆனால் அங்கே ரெஜின் நிற்கிறார், ரெஜின் விடவில்லை, பந்து வெளியே செல்கிறது.” வேலப்பனின் கத்தி ஒரு கணம் அப்படியே நின்று பிறகு இறங்கியது. நிற்கிறான். நிற்கிறான் பையன். ஆனால் இன்னும் எவ்வளவு நேரம் நிற்பான், நேற்று வரைக்கும் முன்னால் ஓடுகிறதே தொழிலாக இருந்தவன், தேருக்குப் பின்னால் நடக்கச் சொன்னாலும் முன்னால் ஓடுகிறவன், இவன் எவ்வளவு நேரம் இன்னொருத்தன் நிழலாக நிற்பான், பாதியில் சலித்துப்போய், நான் எதற்கு இங்கே நிற்கிறேன் என்று, இவன் அப்பன் அன்றைக்குச் செய்ததுபோலவே இவனும் முன்னால் போய்விட்டால், போய்விட்டால் முடிந்தது, அந்த மலப்புறத்தான் ஒரே எட்டில் போய்விடுவான்.

நேற்று இதே கடையில்தான். அதற்கு முந்தின நாளே கமிட்டியிலிருந்து வேறு இரண்டுபேர் வீட்டுக்கு வந்தார்கள், பொடியன்களைப் பழக்குகிற மாஸ்டர் கையை விரித்துவிட்டார், மேலத்துறை ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து பொடியன்களுக்குச் சோறு இறங்கவில்லை, நீர்தான் ஆளை நிறுத்திக் கொடுக்கவேண்டும் என்றார்கள், தொபியாஸ் சொன்னார், தலைவர் வரட்டும், என் வீட்டுக்கு வேண்டாம், வேலப்பன் கடைக்கு வரட்டும், சனிக்கிழமை வரட்டும், கடை நிறைய ஆள் இருக்கும்போது வரட்டும். வந்தான் பெர்க்மான்ஸ், கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ், செருப்பை வாசலில் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டபடி நின்றான். “தொபியாஸ் அண்ணே, நாளைக்கு ஆளை எப்பிடி நிறுத்தணும்னு நீருதான் சொல்லணும்.” “கமிட்டி கேக்குதா, நீரு கேக்கியரா?” “நானுந்தான் கேக்கேன்.” “கொஞ்சம் சத்தமா கேளும், அந்த மூலையில இருக்கவருக்குக் காது மந்தம்.” கடையில் நுரையோடு உட்கார்ந்திருந்தவன்கூடச் சிரித்தான், பெர்க்மான்ஸ் சத்தமாகவே கேட்டான், அப்போது அவன் கழுத்து நரம்பு புடைத்தது, அந்தப் புடைப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. பிறகுதான் அவர் சொன்னார், வலியவன் வருகிறான் என்றால் எல்லாரும் செய்கிற தப்பு என்ன, அஞ்சுபேர் ஆறுபேர் என்று பின்னால் குவித்து வைப்பது, குவித்தால் அது சந்தைக்கூட்டம், அதற்குள் கெட்டிக்காரன் புகுந்து போவான், நம் ஆளே நம் ஆளை மறைப்பான், மேலத்துறைக்காரனுக்கு எல்லா வாசலும் கிடையாது, ஒரே வாசல்தான், அந்த மலப்புறத்தான், மிச்சம் பேரெல்லாம் அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்காரர்கள், ஆகவே பின்னால் மூன்றுபேர் போதும், நடுவில் அஞ்சுபேர், முன்னால் ஒரே ஒருத்தன், உயரமாக இருக்கிறானே வின்சோ, அவன், கீப்பர் போக மிச்சம் ஒருத்தன், அவனுக்கு இடமே கிடையாது, மலப்புறத்தான் எங்கே போகிறானோ அங்கே போகவேண்டும், அவன் தண்ணீர் குடிக்கப் போனால் இவனும் போகவேண்டும். “அது ஆரு?” என்றான் பெர்க்மான்ஸ். “ஒமக்க மவன். ரெஜின் பின்னால நிக்கட்டும்.” “அவன் கோல் அடிக்கவனாக்கும்.” “அதுக்குத்தான் சொல்லுகேன்.” பெர்க்மான்ஸின் முகம் இறங்கியது, நன்றாகக் கண்ணால் பார்க்கும்படி இறங்கியது, தொபியாஸின் தொண்டையில் கருப்பட்டிப் பாகுபோல என்னவோ வழிந்து போயிற்று.

அதுதான். அந்தப் பாகுதான் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. எது முதலில் வந்தது, யோசனையா பாகா. வெள்ளிக்கிழமை ராத்திரி பாயில் கிடந்து கூரையைப் பார்த்து ஆளை நிறுத்தியபோது அந்த இடமில்லாதவன் ரெஜின் இல்லை, சிண்டோ, அருளப்பன் மகன், பின்னால் ஆடியே பழக்கப்பட்டவன், எதையும் சொன்னபடி செய்கிறவன், ரெஜின் வழக்கம்போல முன்னால்தான் நின்றான், வின்சோவுக்குப் பக்கத்தில், அது சத்தியம், மாதா படத்துக்கு முன்னால் நின்றும் சொல்லலாம், காலையில் எழுந்து பல் விளக்கியபோதும் சிண்டோதான், கடைக்கு நடந்து வந்தபோதும் சிண்டோதான், பெர்க்மான்ஸ் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றதைப் பார்த்த பிறகுதான் சிண்டோ ரெஜின் ஆனான். அப்படியானால் சொன்னது யார், ஆட்டம் தெரிந்த தொபியாஸா, கதவு தொபியாஸா, அலமாரியில் ஒழித்து வைத்த தட்டு காலியாகவே கிடக்கட்டும் என்று நினைத்தவன் யார், நினைத்தானே, நினைக்கவில்லை என்று சொல்லமுடியாது. கத்தி தாடைக்குக் கீழே வந்தது, குளிர்ச்சியாக, தொண்டைக்குழிக்கு மேலே, இப்போது தும்மினால்கூடப் போதும். சிண்டோ மெதுவாகத் திரும்புவான், அது ஒன்று உண்மை, கடலில் வல்லம் திரும்புகிற மாதிரி, அந்த மலப்புறத்தான் அவனை மூன்றுமுறை சுற்றி வருவான், அதையும் யோசித்துத்தானே மாற்றினேன், இல்லை, மாற்றிய பிறகு யோசித்தேன், பாகு வழிந்த பிறகு யோசித்தேன், செய்துவிட்டுக் காரணம் தேடுகிறவன் ஊரில் எத்தனைபேர், அவனவன் பெண்டாட்டியை அடித்துவிட்டுக் காரணம் தேடுவான், நானும் அந்த வரிசைதானா.

“ஷாநவாஸ் மீண்டும் வேகமாக முன்னேறுகிறார், இதோ ரெஜினைக் கடந்து” என்ற உபதேசியார் சட்டென்று நிறுத்திவிட்டு, “ஒரு முக்கிய அறிவிப்பு, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கும் சிவப்பு நிற ஆட்டோவின் உரிமையாளர் உடனடியாக வந்து வண்டியை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார், சாமியாரின் கார் வெளியே போகவேண்டியிருக்கிறது” என்றார், அதற்குள் மைதானத்தில் ஓவென்று ஒரு சத்தம், பெரிய சத்தம், கடலிலிருந்து வந்ததுபோல, யாருடைய சத்தம், நம் சத்தமா அவர்கள் சத்தமா, சத்தத்துக்கு ஊர் கிடையாது, “எடவு கெட்டவன், இந்த நேரத்துலயா ஆட்டோ” என்று வேலப்பன் பல்லைக் கடித்தார், கத்தி தொண்டையிலேயே இருக்கிறது, தொபியாஸ் மூச்சு விடவில்லை, கடந்துவிட்டான் என்றுதானே சொன்னான், கடந்துவிட்டால் பின்னால் மூன்றேபேர், அதில் நடுவில் நிற்கிறவன் இந்தப் பக்கம் நகர்ந்திருப்பான், நகர்ந்தால் அந்தப் பக்கம் திறந்துவிடும், நான் திறந்து வைத்தது, மூன்றுபேர் போதும் என்று நான் சொன்னது. “சற்றுமுன் ஷாநவாஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, திரும்பிய பந்தை ஓடிவந்து வெளியே தட்டிவிட்டவர் ரெஜின்.” ஓடிவந்து. கடந்து போனவனைப் பின்னால் துரத்தி ஓடிவந்து. தொபியாஸ் கண்ணைத் திறந்தார்.

ஓடிவந்து. அது அவருக்குத் தெரியும். அது உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், பெர்க்மான்ஸுக்குத் தெரியாது, மாஸ்டருக்குத் தெரியாது, ரெஜினுக்கே தெரியாது. இத்தனை வருஷமும் சாயங்காலமானால் கடலரிப்புக்குப் போட்ட பாறைமேல் போய் உட்காருவார், முகம் கடலைப் பார்க்கும், கண் மைதானத்தைப் பார்க்கும், பொடியன்கள் பழகுவதை அல்ல, ஒரே பொடியனை, பெர்க்மான்ஸ் மகனை, அவனிடம் என்ன குறை என்று, நாளைக்கு வேலப்பன் கடையில் சொல்லிச் சிரிக்க ஒரு குறை கிடைக்காதா என்று, இடது காலில் அடிக்கத் தெரியாது, சொன்னார், தலையால் முட்டப் பயப்படுவான், சொன்னார், தன் பந்து போகாவிட்டால் மற்றவனை முறைப்பான், அதையும் சொன்னார், ஒன்றை மட்டும் சொன்னதில்லை, காலிலிருந்து பந்து போய்விட்டால் அவன் சும்மா நிற்கமாட்டான், கையிலிருந்த மிட்டாயைப் பறித்தவனைத் துரத்துகிற பிள்ளைபோல, அழுகையும் ஆங்காரமுமாக, பறித்தவன் எவ்வளவு தூரம் போனாலும் அவ்வளவு தூரமும் துரத்திப் போய்த் திரும்ப வாங்குவான், முன்னால் ஓடும்போது இல்லாத வேகம் பின்னால் ஓடும்போது அவனுக்கு வரும், அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அது குறை இல்லை, பெர்க்மான்ஸ் மகனிடம் குறை இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்த எரிச்சலில் அதை உள்ளே போட்டு மூடிவிட்டார், மூடினது அழியவில்லை, அங்கேயே கிடந்து நேற்று ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும் வெளியே வந்திருக்கிறது. அன்பு உள்ளவன் இப்படிப் பார்ப்பானா, பெற்ற அப்பன் இப்படிப் பார்த்தானா, அவன் கோலை எண்ணினான், கைதட்டினான், அலமாரியை ஒழித்தான், ஒரு நாளாவது அந்தப் பையன் எப்படித் திரும்பி ஓடுகிறான் என்று பார்த்தானா, பகைக்காரன் கண்தான் இமைக்காது, இமைக்காமல் பார்த்ததால்தான் தெரிந்தது, ஆகவே யோசனையும் பாகும் ஒன்றாகவே வந்தன, ஒரே பானையில் வடித்தது, எது முந்தி எது பிந்தி என்று கேட்பது முட்டாள்தனம், தொபியாஸுக்குச் சிரிப்பு வந்தது. “அசங்காதேயும், சவத்தெ, வெட்டிப்போடும்” என்று வேலப்பன் அதட்டினார். “நீரு வெட்டும் ஓய்” என்றார் தொபியாஸ், “இனி எனக்கு ஒண்ணுமில்ல.”

இப்போது ஒலிபெருக்கி பேசப் பேச எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கண்ணை மூடக்கூட வேண்டியிருக்கவில்லை, ஷாநவாஸ் இடது பக்கம் மாறுகிறார் என்றது, மாறட்டும், ரெஜினும் மாறுவான், ஷாநவாஸ் நடுவருடன் வாக்குவாதம் செய்கிறார் என்றது, ஆங், எரிச்சல் ஏறிவிட்டது, கூலிக்கு வந்தவனுக்கு எரிச்சல் ஏறினால் அவன் ஊர் ஞாபகம் வந்துவிடும், வேலைக்காரர்களுக்கு இனி யாருக்குப் பந்து கொடுப்பதென்று தெரியாது, அவர்களே முன்னால் வருவார்கள், பின்னால் நிற்கவேண்டியவனும் உதவி செய்கிறேன் என்று வருவான், வந்தான், உபதேசியார் சொன்னார், மேலத்துறையின் தடுப்பாட்டக்காரரும் முன்னேறி வருகிறார் என்று, வா, வா மக்கா, அப்படி வா, இன்னும் கொஞ்சம், அன்றைக்கு நாங்கள் வந்ததுபோலவே வா. “பந்து மீண்டும் ஷாநவாஸிடம், ரெஜின் பறித்துவிட்டார், ரெஜின் கொண்டு செல்கிறார், முன்னால் யாரும் இல்லை, ரெஜின் இன்னும் கொண்டு செல்கிறார்” என்ற கஸ்பாரின் குரலில் பூசை ராகம் போய்விட்டது, வெறும் மனுஷன் குரலாகிவிட்டது, “அடிப்பாரா, தானே அடிப்பாரா, இல்லை, வின்சோவுக்குக் கொடுக்கிறார், வின்சோ, வின்சோ, கோ...” அதற்குமேல் ஒலிபெருக்கியில் சொல் இல்லை, கீச்சென்ற சத்தம், மைக்கைக் கீழே போட்டுவிட்டு அவரும் குதித்திருப்பார், வேலப்பன் கத்தியோடு வாசலைத் தாண்டி ஓடினார், “லேய் மக்கா, அடிச்சாச்சிலேய்” என்று தெருவில் அவர் குரல் தேய்ந்து போயிற்று, தொபியாஸ் பாதி முகம் நுரையோடு நாற்காலியில் தனியாக இருந்தார். தானே அடித்திருக்கலாம். அதிகக் கோலுக்கான கோப்பை அவனுக்குக் கிடைத்திருக்கும். கொடுத்துவிட்டான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அதை நான் பாறைமேல் உட்கார்ந்தும் பார்த்ததில்லை, அது அவனுடையது, இருக்கட்டும், அதொன்றை அவனே வைத்துக்கொள்ளட்டும், மிச்சமெல்லாம் என்னுடையது, நின்ற இடமும் ஓடிய ஓட்டமும் திறந்த வாசலும் என்னுடையது, அவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார், கண்ணாடி அதிர்ந்தது, பவுடர் டப்பா உருண்டு கீழே விழுந்தது, தெருவில் வெடி வெடித்தது, இன்னும் ஆட்டம் முடியவில்லையே மடையன்களே என்று நினைத்தார், ஆனால் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும், பறிகொடுத்த மேலத்துறைக்காரன் எல்லாரும் முன்னால் வருவான், வரட்டும், நம் மூன்றுபேர் அசையமாட்டார்கள், இந்தமுறை யாரும் அவர்களைக் கையைக் காட்டிக் கூப்பிடமாட்டார்கள், நீண்ட விசில் ஊதியபோது கோயில் மணியும் சேர்ந்து அடித்தது, யாரோ ஏறிக் கயிற்றில் தொங்கியிருக்கவேண்டும், தாளமே இல்லாமல் அடித்தது.

நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. தெருவில் கூட்டம் வரும் சத்தம் கேட்டது, கடை வாசலில் நின்றது, முதலில் வேலப்பன் வந்தார், சட்டைப் பொத்தான் போய், கையில் இன்னும் கத்தியோடு, அவருக்குப் பின்னால் பெர்க்மான்ஸ், இரண்டு கையாலும் வெள்ளிநிறக் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மணல் ஒட்டிய காலோடு, கண் சிவந்து, மற்றவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். “சாமியார் ஒம்மளக் கூட்டிட்டு வரச்சொன்னாரு, கோப்பைய நீருதான் தூக்கணுமாம், பயலுவளும் அதத்தான் சொல்லுகானுவ” என்றார் பெர்க்மான்ஸ். தொபியாஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், திரும்பவில்லை. பெர்க்மான்ஸ் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, ஒண்ணு கேக்கட்டா. அவனெ பின்னால நிறுத்தினது ஆட்டத்துக்காவா, என்னெ மட்டந்தட்டி இருத்தணும்னா?” என்று கேட்டார். ஆட்டத்துக்காகத்தான் என்று சொல்லிவிடலாம், சொன்னால் கூட்டம் கைதட்டும், பெர்க்மான்ஸ் கட்டிப்பிடித்தாலும் பிடிப்பான், இத்தனை வருஷமும் காத்த ஒன்று அதோடு கரைந்துபோகும், கரைந்தால் அடுத்த வருஷம் பாறைமேல் போய் உட்கார என்ன காரணம் இருக்கும். “ரெண்டுக்குந்தான் ஓய்” என்றார் தொபியாஸ். வாசலில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள், பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. “செத்தாலும் மாறமாட்டீரு.” “மாறினா அடுத்த வருசம் ஆரு ஜெயிக்க வைப்பா?” கூட்டம் மறுபடி கத்தியது, தொபியாஸின் பெயரைச் சொல்லிக் கத்தியது, வெறும் பெயரை, முன்னால் ஒன்றும் சேர்க்காமல், அது தெருவெல்லாம் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவர் தலையை நாற்காலியின் பின்கட்டையில் சாய்த்தார், தாடையை நன்றாக மேலே தூக்கினார். “வேலப்பா, மறுபக்கமும் எடும். அவசரம் வேண்டாம், ரெண்டு தடவை மழியும்.” வேலப்பன் புதிதாக நுரை கலக்கத் தொடங்கினார். கோப்பை கனமானது, பெர்க்மான்ஸ் அதை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றார். நிற்கட்டும்.